அந்த ஐந்து கேள்விகளை இயக்குநரிடம் யார் கேட்பது?

தன் இயக்குநர் மேல் வந்த புகாரைப் பற்றி, நான் பயிற்சி பெற்ற தொண்டு நிறுவனம் நேற்று வெளியிட்ட அந்த அறிக்கையை எல்லோரும் படித்திருப்பீர்கள். என்ன நடந்தது என்று மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. மூன்று பத்தி எழுதியிருக்கிறார்கள். ‘செவிமடுத்தல்’ இருக்கிறது, ‘ஆழ்ந்த அக்கறை’ இருக்கிறது, ‘கற்றல் பயணம்’ இருக்கிறது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும் இல்லை.

மறுசீரமைப்பு நீதியைப் பரப்புவதற்கென்றே இருக்கும் தொண்டு நிறுவனம் அது. பள்ளிக்கூடங்களுக்கும் சிறைகளுக்கும் போய், தண்டனை கொடுக்கும் முன் பாதிக்கப்பட்டவரையும் பாதிப்பை உண்டாக்கியவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள் என்று கற்றுக்கொடுப்பதுதான் வேலையே. அங்கே பணியாற்றிய ஒரு பெண், இயக்குநர் தன்னை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியதை எழுதி, வெளியாள் ஒருவரை வைத்து ஒரு வட்டம், அதாவது சம்பந்தப்பட்டவர்கள் சுற்றி உட்கார்ந்து முறை வைத்துப் பேசும் கூட்டம், நடத்துங்கள் என்று கேட்டார். வந்தது வக்கீல் நோட்டீஸ். வட்டம் கேட்டவருக்கு நோட்டீஸ்! அதே வாரம் இவர்கள் ‘பொறுப்பேற்றல்’ என்ற தலைப்பில் பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். போஸ்டர் நன்றாகவே இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மற்றவரை வட்டத்தில் உட்காரச் சொல்கிறவர், தன் முறை வரும்போது தானும் உட்கார வேண்டும்.

இந்தத் துறைக்கு வந்த எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1974, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூர். இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் கார், ஜன்னல் என்று கண்டதையும் நாசம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் நீதிபதியிடம், இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே அனுப்பினால் என்ன என்று கேட்டார். இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். அதிகாரி குறிப்பேட்டோடு பின்னால் நின்றார். சில மாதங்களில் நஷ்ட ஈட்டையும் கொடுத்து முடித்தார்கள். இதை எங்களுக்கு உருக்கமாகச் சொன்னது யார் தெரியுமா? இதே இயக்குநர்தான். “கதவைத் தட்டும் அந்த நொடியில்தான் நீதி ஆரம்பிக்கிறது” என்றார். நானும் நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். இப்போது ஒரே ஒரு கதவு. அதைத் தட்ட வக்கீலை அனுப்புகிறார்.

நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977-லேயே எழுதினார்: ஒரு சச்சரவு அதில் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொந்தமான சொத்து, அதை வக்கீல்களும் தொழில்முறை வல்லுநர்களும் அவர்கள் கையிலிருந்து பறித்துக்கொள்கிறார்கள் என்று. அதையும் இவர்கள் வகுப்பில் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். வக்கீல்களை மட்டும் குறை சொல்லும் ஸ்லைடு அது. அந்தத் திருட்டை ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைமையும் செய்ய முடியும் என்று ஏனோ சேர்க்கவில்லை.

நான் நடத்திய ஒரு வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியக்கூடிய எதையும் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்புப் பையன். கூடப் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இல்லாத ஒன்றை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான். பேசுகிறவர் கையில் வைத்திருக்க ஒரு மரப்பொம்மை கொடுப்போம். அது கையில் இருக்கும்வரை வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது. அவன் முறை வந்ததும் பொம்மையை வாங்கிக்கொண்டு கட்டைவிரலால் அதன் தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். உள்ளங்கை வேர்த்து, கால்சட்டையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமாகிவிட்டது. அந்தப் பெண் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த மெசேஜை எங்க அம்மா படிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?” அவனுக்குத் தெரியாது. அதன் பிறகு அவன் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் சொன்னான். அதுவரை அவனுக்காகப் பேசிக்கொண்டிருந்த அவன் அப்பாவை விட்டுவிட்டு, அவனே சொன்னான்.

பதின்மூன்று வயதுப் பையனால் முடிந்தது. தலைப்பில் நான் சொன்ன ஐந்து கேள்விகளையும்தான் அவனிடம் கேட்டோம். என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? அதற்குப் பிறகு என்ன நினைத்தாய்? யார் யார் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள்? சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? இந்த மாதிரிக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிவைத்து, 1991-இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவில் ஒரு போலீஸ் சார்ஜன்ட் இதே மாதிரிக் கூட்டங்கள் நடத்தினார். கேட்க முனைவர் பட்டம் வேண்டியதில்லை. பதில் சொல்லவும் வேண்டியதில்லை. அப்படியிருக்க, உலகமெங்கும் மேடையேறுகிற ஒருவருக்கு முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்வது ஏன்?

இனி வரப்போகும் கமெண்டுகள் எனக்குத் தெரியும்.

“பேச வேண்டாம் என்று சட்ட ஆலோசகர் சொல்லிவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?” ஐயா, ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றம் 2002-இல் மறுசீரமைப்பு நீதிக்கென்று அடிப்படைக் கொள்கைகள் வெளியிட்டிருக்கிறது. மூடிய அறையில் பேசியது ரகசியமாக இருக்க வேண்டும், கலந்துகொண்டதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பின்னால் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது குற்ற வழக்குகளுக்கு எழுதியது என்பீர்கள். சரி. குற்ற வழக்குக்கே இவ்வளவு வழி இருக்கும்போது ஒரு அலுவலகத் தகராறுக்கு வழியில்லையா? இதே பாதுகாப்பைச் சொல்லித்தானே சிறையில் இருப்பவர்களை நாம் பேசவைக்கிறோம்?

“உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்க்க அழைத்தார்களே.” அழைத்தார்கள். நடத்தப்போகிறவர் அந்த இயக்குநரிடம் சம்பளம் வாங்குகிறவர். அதிகாரச் சமமின்மையைக் கணக்கில் கொள்ளுங்கள் என்று மேலே சொன்ன கொள்கைகளிலேயே இருக்கிறது. நியூசிலாந்தில் சிறுவர்கள் தொடர்பான 1989 சட்டத்தின்படி நடக்கும் குடும்பக் கூட்டத்தில், குடும்பத்தார் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க அதிகாரிகள் எழுந்து அறையை விட்டே வெளியே போய்விடுவார்கள். இங்கே இவர்களுக்கு நாற்காலியின் நுனிக்கு நகரக்கூட மனமில்லை.

“நல்ல வேலை செய்கிறவர்களை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா?” இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

“யாரையும் கட்டாயப்படுத்தி உட்காரவைக்க முடியாதே, தன்விருப்பம்தானே அடிப்படை?” இது நியாயமான கேள்வி. இதை மட்டும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம், கட்டாயப்படுத்த முடியாது. பாதிப்பை உண்டாக்கியவர் தானாக வராத வட்டம் வெறும் விசாரணைக் கூண்டுதான். அவர் மறுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் மறுத்துவிட்டு, மறுநாள் காலை வேறொரு பள்ளியில் வேறொரு பையனிடம் போய் “பயப்படாதே, உட்கார், பேசு” என்று சொல்லும் உரிமையும் தனக்கு இருக்கிறது என்று நினைக்கிறாரே, அங்கேதான் என் வயிறு எரிகிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

பெரிய மனிதர்கள் உட்கார்ந்ததே இல்லையா? 1997-இல், நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னால், நெல்சன் மண்டேலாவின் முன்னாள் மனைவி வின்னி மண்டேலா வந்து உட்கார்ந்தார். தேசத்தின் தாய் என்று கொண்டாடப்பட்டவர். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் அதே மண்டபத்தில், கேமராக்கள் சுற்றிலும். தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார். கடைசியில் தலைவர் டெஸ்மண்ட் டூட்டூ, மன்னிப்புக் கேளுங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார். ஏதேதோ தவறாகப் போய்விட்டது, வருந்துகிறேன் என்ற அளவில் ஒன்றைச் சொன்னார். அது மன்னிப்பே இல்லை என்று பலர் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் வந்தார். எங்கள் இயக்குநருக்கு கேமரா வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஒரு அறை, நான்கைந்து நாற்காலி. அதற்கே இத்தனை பாடு.

அறங்காவலர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே இருக்கும் நண்பர்கள். தலைமைக்கு எதிராக ஒரு கடிதம் வந்தால் அதைப் பிரிக்கப்போவது தலைமையின் நண்பர்தான். தவறு செய்தவரை ஒதுக்காதீர்கள், சமூகத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர்கள், புகார் சொன்னவரை மின்னஞ்சல் பட்டியலிலிருந்து ஒரே மாலையில் நீக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும்தான். அவருடைய பிறந்தநாளுக்கு எல்லோரும் போட்ட வாழ்த்துகள் இன்னும் அந்தக் குழுவில் இருக்கின்றன, நான் மேலே போய்ப் பார்த்தேன்.

என்னையும் “நீங்களும் அவங்க ஆளுதானே” என்று கேட்கிறார்கள். ஆமாம், அவர்களிடம்தான் கற்றேன். போன வருடம் அவர்கள் மலரில் நன்றிப் பட்டியலில் என் பெயரும் இருந்தது, அம்மாவிடம் காட்டி மகிழ்ந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரோ தெரியாதவர்கள் செய்திருந்தால் ஒரு கோப ஸ்மைலி போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

அடுத்த மாதப் பயிற்சியில் உதவ வரச் சொல்லி எனக்கும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெளியாள் நடத்தும் வட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டு எழுதுங்கள், வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே சொல்கிறேன்.

கமெண்டில் புகார் சொன்ன பெண்ணின் பெயரை யாரும் போட வேண்டாம், ஊகமாகக்கூட வேண்டாம், பார்த்தவுடன் நீக்குவேன். இயக்குநர் சார்பாக இன்பாக்ஸில் வந்து “கொஞ்சம் பேசலாமா” என்று கேட்கிறவர்களுக்கு: அவர் பேச வேண்டியது என்னிடம் அல்ல. அந்தப் பெண்ணின் முகவரி உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பியதே அதற்குத்தானே.