பத்து லட்சத்துக்கு ஒண்ணு கம்மி

"ஒரே கேம எத்தன வாட்டிதான் காசு குடுத்து வாங்குவீங்க?"

கேட்டது எங்க வீட்டம்மா. போன ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்ட்டு முடிச்சிட்டு டிவில, ரெண்டு பேரு ஓடி ஓடி சுடுற பழைய வீடியோ கேம் கான்ட்ராவோட கலெக்‌ஷன் மெனுவ தள்ளிட்டே உக்காந்திருந்தேன், பக்கத்துல துணி மடிச்சிட்டு இருந்தவங்க நிமிந்து பாத்துட்டாங்க. கான்ட்ரா, மறுபடியும் கான்ட்ரா, சூப்பர் கான்ட்ரா, சூப்பர் சி, அப்புறம் இன்னொரு கான்ட்ரா. மொத்தம் பத்து அட்டை வரிசையா நிக்குது, பாக்குறவங்களுக்கு ஒரே படத்த பத்து தியேட்டர்ல ஓட்ற மாதிரிதான் இருக்கும். அப்ப சட்டுனு பதில் வரல. ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, அதான் இங்க கொட்டிடலாம்னு. பெரிய பதிவு, வேல இருக்கறவங்க லைக் போட்டுட்டு கெளம்பிடுங்க.

மொதல்ல, பழைய கேம்கள ஒண்ணா கட்டி விக்கிற இந்த ரெட்ரோ கலெக்‌ஷன், காம்பிலேஷன்னு ஸ்விட்ச்லயும் பிளேஸ்டேஷன்லயும் இப்ப வர்றதெல்லாம் ஏதோ புது சமாச்சாரம்னு நெனைக்காதீங்க, நம்ம ஊரு பசங்க வளந்ததே காம்பிலேஷன்லதான். தொண்ணூறுகள்ல டிவி கேம்னு ஒரு பொட்டி வாங்குனா கூடவே மஞ்சக் கலர்ல ஒரு கேசட் குடுப்பாங்க, ஸ்டிக்கர்ல 999999 இன் 1னு போட்டிருக்கும். பத்து லட்சத்துக்கு ஒண்ணு கம்மி! அந்த ஒண்ண மட்டும் ஏன் விட்டானுங்கன்னு இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல. உஃப்னு ஊதி சொருகுனா நீலக் கடலு, மேல பறவை பறக்கும், கீழ லிஸ்ட். நானும் தம்பியும் ஒரு முழுப்பரீட்ச லீவுல ரஃப் நோட்டு போட்டு எண்ணுனோம், அம்பத்திரண்டாவது நம்பர் வரைக்கும் போய் பாத்ததுல நெஜமா வேற வேற கேம்னு இருந்தது எட்டு. மிச்சமெல்லாம் அதே கான்ட்ரா ஆனா மூணாவது ஸ்டேஜ்ல ஆரம்பிக்கும், அதே மாரியோ ஆனா பேரு வேற, அதே டாங்கி கேம் ஆனா முப்பத்தஞ்சாவது லெவல். ஏமாந்துட்டோம்னு தம்பி அழுதான். நான் அழல, பெரியவன்ல.

அந்தப் பொட்டி 1983ல ஜப்பான்ல நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாமோட காப்பின்னு எனக்கு தெரியவே இருவது வருஷம் ஆச்சு. நம்ம கைக்கு வந்து சேர்றதுக்குள்ள பேரு, அட்டப்பெட்டி, மேனுவல் எல்லாம் வழியில உதுந்து போச்சு. கான்ட்ரால ஓடுற ரெண்டு பேருக்கும் பில், லான்ஸ்னு பேரு இருக்குன்னே நாப்பது வயசுலதான் படிச்சேன், எங்களுக்கு நீல பேன்ட்டு செவப்பு பேன்ட்டு அவ்ளோதான். மூணாவது ஸ்டேஜ் அருவி ஞாபகம் இருக்கா, மேல மேல தாவி ஏறணும், ஒருத்தன் வேகமா ஏறுனா ஸ்கிரீன் அவன் கூடவே மேல போயிரும், கீழ நிக்கிறவன் செத்துருவான். எத்தன தடவ வேணும்னே ஏறியிருப்பேன்னு கணக்கே கெடையாது. தம்பி படிச்சா மன்னிச்சுக்கடா.

சரி விஷயத்துக்கு வர்றேன். அந்த கேசட்டு எனக்கு கத்துக் குடுத்த ஒரே பாடம், அட்டை மேல போட்ருக்க நம்பர நம்பாத. இன்னிக்கும் கலெக்‌ஷன் விக்கிறவன் மொதல்ல நம்பரத்தான் காட்டுறான். அம்பது கேம், நூறு கேம். நான் நம்பர பாக்குறதே இல்ல. யாரு எடுத்து அடுக்குனா, எவ்ளோ மெனக்கெட்டான், அத மட்டும்தான் பாக்குறேன்.

அந்த கான்ட்ரா கலெக்‌ஷனையே எடுத்துக்கோங்க. கான்ட்ராவ செஞ்ச கொனாமி கம்பெனி 2019ல விட்டது, பத்து கேம். அதுல மூணு ஜோடி ஒரே கேம்தான், கேசட்டு கணக்குல பாத்தா டூப்ளிகேட். ஆனா அமெரிக்காவுக்கு போன கான்ட்ராவ ஒரு தடவ ஓட்டிட்டு அப்படியே ஜப்பான் ஃபேமிகாம் கான்ட்ராவ போட்டுப் பாருங்க. மொத காட்டு ஸ்டேஜ்ல பின்னாடி எல அசையும். பனி ஸ்டேஜ்ல நெஜமாவே பனி பறக்கும். ஒவ்வொரு ஸ்டேஜுக்கு முன்னாடியும் மேப்பு வரும். ஜப்பான் கேசட்டுக்குள்ள கொனாமி சொந்தமா ஒரு சிப்பு வச்சிருந்தாங்க, அதால முடிஞ்சது, அமெரிக்க கேசட்டுல அது இல்ல. நான் அந்த எல ஆடுறத பாத்துட்டு கன்ட்ரோலர கீழ வச்சிட்டேன், சத்தியமா. எத்தன நூறு தடவ ஓடுன காடு, அதுல காத்து அடிக்கும்னு எனக்கு யாரும் சொல்லல.

இன்னொரு ஜோடி இன்னும் கூத்து. ஐரோப்பால இந்த கேமுக்கு புரோபோடெக்டர்னு பேரு, மனுசன மனுசன் சுடுற மாதிரி இருந்தா ஜெர்மனில சிக்கல் வரும்னு ஹீரோவெல்லாம் ரோபோவா மாத்திட்டாங்க. அதே ஸ்டேஜு, அதே குண்டு, ஓடுறது மட்டும் தகர டப்பா. இது டூப்ளிகேட்டா? என்னக் கேட்டா இது வரலாறு. இந்தக் கலெக்‌ஷனுக்கு எமுலேஷன் வேல, அதாவது புது மெஷின பழைய மெஷின் மாதிரி நடிக்க வைக்கிற வேல, பாத்தது எம்2ன்னு ஒரு ஜப்பான் கம்பெனி, பழைய கேம புதுசுல ஓட வைக்கிறதுல அவங்கள அடிச்சுக்க ஆளில்லன்னு ரெட்ரோ பைத்தியங்க எல்லாம் சொல்லுவாங்க, நானும் அந்த கட்சிதான்.

இதுக்கு நேர் எதிர் பாக்கணும்னா 2018ல வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக். குட்டி பொட்டி, பாக்க அவ்ளோ அழகு, உள்ள 20 கேம். அந்த இருவதுல ஒம்பது கேமு ஐரோப்பா பதிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு அம்பது தடவதான் படம் மாறும். அறுபதுல ஓட வேண்டியது அம்பதுல ஓடுனா ஆறுல ஒரு பங்கு வேகம் காலி. டெக்கன் 3 அதுல ஒண்ணு. சண்ட கேம ஸ்லோவா ஓட்டுறது ஆறிப்போன காப்பிய குடிக்கிற மாதிரி, காப்பிதான், ஆனா யாருக்கு வேணும். சொந்தக் கம்பெனி சொந்தப் பொட்டிக்கு செஞ்ச வேல இது.

"போன்ல எமுலேட்டர் போட்டா எல்லாம் ஃப்ரீதான அண்ணா, ஏன் காசு"ன்னு கீழ கமென்ட்ல நாலு பேரு வருவீங்கன்னு தெரியும். நானும் போட்ருக்கேன், உத்தமன் வேஷம் போடல. ஆனா ஃபோல்டர்ல ஆயிரம் கேம் கெடந்தா ஒண்ணையும் ஒழுங்கா ஆடுறதில்ல, ரெண்டு நிமிஷம் இது, ஒரு நிமிஷம் அது, கல்யாண வீட்டு பஃபே மாதிரி தட்டு நெறஞ்சு வயிறு நெறையாம எந்திரிச்சு வர்றது. 2022ல வந்த நிஞ்சா டர்டில்ஸ் கவபங்கா கலெக்‌ஷன்ல 13 கேம்தான். ஆனா பழைய அட்டப்பெட்டி, மேனுவல், அந்தக் காலத்துல வரைஞ்ச டிசைன் பேப்பர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உள்ள வச்சிருக்காங்க. டிஜிட்டல் எக்லிப்ஸ்னு ஒரு அமெரிக்க ஸ்டூடியோ பண்ணது. அதே வருஷம் அவங்களே அட்டாரி 50ன்னு ஒண்ணு விட்டாங்க, அதுல காலவரிசையா நடந்து போற மாதிரி இருக்கும், அந்தக் கேம செஞ்ச ஆளே வீடியோல வந்து பேசுவாரு, அப்படியே பட்டன அமுக்குனா அந்த கேம ஆடலாம். மேனுவலே பாக்காம வளந்தவனுக்கு இது எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியல. ரெண்டு மணி நேரம் கேமே ஆடாம வெறும் அட்டப்பெட்டி மட்டும் ஜூம் பண்ணி பாத்திருக்கேன். லூசுன்னு சொல்லுங்க, பரவால்ல.

அடுத்து ரீவைண்ட் பஞ்சாயத்து. செத்துட்டா ஒரு பட்டன புடிச்சா கொஞ்சம் பின்னாடி போகலாம், இப்ப நெறைய கலெக்‌ஷன்லயும் உண்டு. அது ஏமாத்துறதுன்னு ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். அய்யா, முப்பது லைஃப் கோடு போட்டு கான்ட்ரா முடிச்சவங்கதான நாம எல்லாரும்! மேல மேல கீழ கீழ எடது வலது எடது வலது பி ஏ, டியூஷன்ல ஒரு பையன் கைல எழுதி காட்டுனான், ரெண்டு பேருன்னா செலக்ட் அமுக்கிட்டு ஸ்டார்ட்டுன்னு. அந்த கோட மொதல்ல வச்ச கசுஹிசா ஹஷிமோட்டோ கொனாமில வேல பாத்தவரு, கிரேடியஸ் கேம டெஸ்ட் பண்ணும்போது அது அவருக்கே கஷ்டமா இருந்துச்சுன்னுதான் வச்சாரு. செஞ்சவருக்கே முடியலன்னா நமக்கென்ன வெக்கம். நான் ரீவைண்ட தாராளமா தொடுவேன், ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரந்தான் கெடைக்குது.

ஆனா காயின் விஷயத்துல மட்டும் நான் கறார். கேப்காம் 2018ல விட்ட பீட் எம் அப் பண்டில்ல ஏழு ஆர்கேட் கேம், அதாவது கடைல காசு போட்டு ஆடுற கேம் இருக்கு, ஃபைனல் ஃபைட், நைட்ஸ் ஆஃப் த ரவுண்ட், அப்புறம் நம்ம கேப்டன் கமாண்டோ. ஒரு பட்டன தட்டுனா காயின் விழும், எத்தன வேணா போட்டுக்கலாம். மொத நாள் ராத்திரி போட்டுக்கிட்டே போனேன், ஒரு மணி நேரத்துக்குள்ள கேம் முடிஞ்சிருச்சு. முடிஞ்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒத்த ரூவாக்கு வீட்ல எத்தன பொய் சொல்லியிருப்பேன், மளிக சாமான் மிச்சத்துல எத்தன தடவ அடிச்சிருப்பேன், கடசி பாஸ் மூஞ்சியக்கூட பாத்ததில்ல, இப்ப துடைச்சு எடுத்தாச்சு, ஒரு கிக்கும் இல்ல. இப்ப எனக்கு நானே வச்சிருக்க சட்டம், மூணு காயின், தீந்தா ஆஃப் பண்ணிட்டு படுத்துரணும். ரெண்டு மாசமாச்சு, இன்னும் பாதி தாண்டல. இதுதான் சொகமா இருக்கு.

டெக்னிக்கலா ரெண்டே வார்த்த. படத்த டிவி அகலத்துக்கு இழுக்காதீங்க, நீல பேன்ட்டுக்காரன் சீமந்தத்துக்கு உக்காந்த மாதிரி ஆயிருவான், நாலுக்கு மூணுலயே விடுங்க. டிவில கேம் மோட் இருந்தா போடுங்க, இல்லன்னா பட்டன அமுக்கி கொஞ்சம் கழிச்சுதான் தாவுவான். வாத்து சுடுற துப்பாக்கி கேம் மட்டும் பழையபடி வராது, அந்த துப்பாக்கி, பழைய குண்டு டிவியோட ஸ்கிரீன்ல கோடு கோடா ஓடுற வெளிச்சத்த புடிச்சுதான் வேல செய்யும், புது டிவிக்கு அது பொம்மத் துப்பாக்கிதான்.

இப்ப வயித்தெரிச்சல். போன வருஷம் ஒரு கலெக்‌ஷன் டப்பா ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், பேரு வேணாம். வந்துச்சு, பிரிச்சேன், உள்ள கார்ட்ரிட்ஜ் வைக்கிற எடத்துல ஒரு துண்டு பேப்பரு, அதுல டவுன்லோட் கோடு. அவ்ளோதான். அட்டைல ஓரத்துல எறும்பு சைஸ்ல எழுதியிருக்காம், நாமதான் பாக்கலையாம். வெறும் டப்பாவுக்கு கூரியர் செலவு வேற. என் 999999 இன் 1 திருட்டு கேசட்டுதான், ஆனா அத சொருகுனா இன்னிக்கும் பறவ பறக்கும். டவுன்லோட் பண்ணது அப்படியா? சூப்பர் மாரியோ 3டி ஆல் ஸ்டார்ஸ்னு மூணு கேம் சேத்து நிண்டெண்டோ 2020 செப்டம்பர்ல விட்டாங்க, 2021 மார்ச் 31ஓட விக்கிறத நிறுத்திட்டாங்க, ஆறு மாசம்தான், தீவாளி தள்ளுபடி மாதிரி. அம்பது கேமுக்கு மேல இருந்த செகா மெகா டிரைவ் கிளாசிக்ஸ 2024 டிசம்பர்ல ஆன்லைன் கடைகள்ல இருந்து தூக்கிட்டாங்க. வாங்குனவங்க வச்சிக்கலாம், வாங்காதவங்களுக்கு இல்ல. சோனிக் ஆரிஜின்ஸ்னு 2022ல வந்ததுல சோனிக் 3ஓட சில பாட்டையே மாத்தி வச்சிருக்காங்க, பழைய பாட்டோட கேக்கணும்னா பழைய கேசட்டதான் தேடணும். அதான் சொல்றேன், கார்ட்ரிட்ஜா டிஸ்கா கெடச்சா அதையே வாங்குங்க, நூறு எரநூறு கூட ஆனாலும்.

இவ்ளோ யோசிச்சு வச்சிருந்தத நேத்து ராத்திரி வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தேன், பாதி கேட்டாங்க. நடுவுல கேப்டன் கமாண்டோ ஓடிட்டு இருந்துச்சு, ரெண்டாவது கன்ட்ரோலர எடுத்து "இத எப்படி அடிக்கிறது"ன்னாங்க. ரோபோ மேல உக்காந்திருக்க கொழந்தைய எடுத்துக்கிட்டாங்க. அவங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வீடியோ கேம் கட இருந்துச்சாம், அண்ணனுங்க ரெண்டு பேரும் அங்கேயே கெடப்பாங்களாம், இவங்கள சாப்பாட்டுக்கு கூப்ட்டு வரச்சொல்லி வீட்ல அனுப்புவாங்களாம், பொம்பளப் புள்ள உள்ள போகக் கூடாதுன்னு வாசல்ல நின்னே கூப்டணும். உள்ள இருட்டா இருக்கும், சத்தம் மட்டும் வரும்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் என்ன பேசுறதுன்னு தெரியல. எங்க ஊரு கடைலயும் ஒரு பொண்ணக்கூட உள்ள பாத்ததா ஞாபகம் இல்ல, அப்ப அது தோணவும் இல்ல.

மூணு காயினும் பத்து நிமிஷத்துல காலி. இன்னொன்னு போடுங்கன்னாங்க. சட்டத்த மீறி போட்டேன்.

அப்புறம் கேட்டாங்க: "இதுல முஸ்தபா எங்க? எங்க அண்ணனுங்க எப்பப் பாரு அதான் பேசுவாங்க."

முஸ்தபா! மஞ்சத் தொப்பி, ஓடி வந்து எகிறி உதைக்கிற முஸ்தபா. 1993ல கேப்காம் விட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், அந்தப் பேரு நம்மூர்ல யாருக்கு தெரியும், முஸ்தபா கேமுன்னாதான் தெரியும், அதுல அவரு நாலு ஹீரோல ஒருத்தருதான், ஆனா நம்மாளுங்க கேமையே அவரு பேருக்கு எழுதி வச்சிட்டாங்க. அது இந்தப் பண்டில்ல இல்ல, எந்தக் கலெக்‌ஷன்லயும் இல்ல, அந்த ஆர்கேட் கேமு வீட்டு கன்சோலுக்கு வந்ததே இல்ல. மார்க் ஷுல்ட்ஸோட காமிக்ஸ வச்சு எடுத்தது, காடிலாக்குங்கற பேரு கார் கம்பெனியோடது, லைசன்ஸ் சிக்கல்தான்னு எல்லாரும் சொல்றாங்க. இதே கேப்காம் அதே 1993ல எடுத்த பனிஷர்ங்கற காமிக்ஸ் கேம 2024 மார்வெல் கலெக்‌ஷன்ல கொண்டு வந்துட்டாங்க, முப்பத்தோரு வருஷம் கழிச்சு, அதனால எனக்கு ஒரு நப்பாச இருக்கு.

இதெல்லாம் வெளக்கிட்டு இருந்தேன். அவங்க கொழந்த ரோபோவ விட்டு ஒருத்தன மிதிச்சிக்கிட்டே, திரும்பாமயே சொன்னாங்க, "ஒரே கேம பத்து தடவ வாங்கி வச்சிருக்கீங்க, அந்த ஒண்ணு இல்லையா?"