ரெட்ரோவில் மேனேஜர் எதற்கு?

சாஃப்ட்வேர் டீம்கள் வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும்; அந்தத் துண்டுதான் ஸ்பிரிண்ட். அது முடிந்ததும் ரெட்ரோ (ரெட்ரோஸ்பெக்டிவ்) நடக்கும். எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, அடுத்து எதை மாற்றலாம் என்று டீம் தனக்குள் பேசிக்கொள்ள வேண்டிய கூட்டம். பல ஐடி அலுவலகங்களில் அது இப்படித்தான் முடிகிறது: "டீம் ஒற்றுமை சூப்பர்", "ரிக்வயர்மென்ட் இன்னும் தெளிவாக வந்திருக்கலாம்". அந்த ஸ்பிரிண்டில்தான் இரண்டு பேர் இரவெல்லாம் கண்விழித்து புரொடக்‌ஷன் பிரச்சினையைச் சரிசெய்திருப்பார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

பேச விஷயம் இல்லாமல் இல்லை. அப்ரைசல் போடுகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். "நேரம் போதவில்லை, டெஸ்டிங்கைப் பாதியில் விட்டேன்" என்று அவர் முன்னால் யார் சொல்வார்கள்? வருஷக் கடைசியில் அது ரேட்டிங்கில் வந்து நிற்குமே! அதனால் ரெட்ரோவில் மேனேஜர் இல்லாமல் இருப்பதே நல்லது.

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் டீம்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். ஆனால் அங்கேதான் அதிகமான தவறுகள் பதிவாகியிருந்தன. அந்த டீம்களில் நர்ஸ்கள் தவறை மறைக்காமல் சொன்னதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். கருத்துகளை எழுதி ஒட்டும் ரெட்ரோ போர்டு காலியாக இருந்தால் நிம்மதி அடைகிற மேனேஜர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காக வாய் திறந்தவரைப் பிடித்து உலுக்குவதும் சரியில்லை. "ஏன் அப்படிப் பண்ணினாய்?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், நடந்தது வெளியே வரும். அன்று தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து அவரவர் முடிந்த அளவு நன்றாகவே செய்தார்கள் என்று நம்பித்தான் ரெட்ரோவைத் தொடங்க வேண்டும் என்று ரெட்ரோ பற்றிப் புத்தகம் எழுதிய நார்மன் கெர்த் 2001இலேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் ஆக்‌ஷன் ஐட்டம். அடுத்து செய்ய வேண்டியவை என்று பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒன்றோ இரண்டோ போதும். அதை அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலில் ஒரு டிக்கெட்டாகப் போட்டு, ஒருவர் பெயரில் வையுங்கள். அடுத்த ரெட்ரோவில் முதல் வேலையாக அது என்ன ஆனது என்று கேளுங்கள். போன தடவை சொன்னதே கிடப்பில் கிடந்தால் இந்தத் தடவை யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

மேனேஜர் இல்லாமல் எப்படி முடிவெடுப்பது என்று கேட்பார்கள். அவர் கையெழுத்து தேவைப்படுகிற விஷயங்களை, யார் சொன்னது என்ற பெயர் இல்லாமல், டீமின் கூட்டங்களை ஒருங்கிணைக்கும் ஸ்க்ரம் மாஸ்டர் எழுதி அனுப்பட்டும். அவர் அதற்குப் பதில் சொல்லட்டும்.