அந்தச் சிவப்பு வட்டம் போட்ட டயரைப் பற்றி

ஆமாங்க, அந்தப் படத்தில் சேற்றில் சிக்கி, டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி நிற்பது என்னுடைய டஸ்டர் கார்தான். டயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "ஆல் டெரெய்ன்னா டிராக்டர் வெச்சு இழுக்கறதாம்" என்று எழுதிச் சொந்தக்காரங்க குரூப்பில் போட்டது யார் என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். வியாழக்கிழமையிலிருந்து பால் சொசைட்டியில்கூட, "இன்னைக்கு டிராக்டர் கூட வரலீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். முதல் நாள் நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆல் டெரெய்ன், சுருக்கமாக ஏடி, என்றால் எல்லாத் தடத்துக்கும் என்று விற்கிற டயர். அதை நான் சேற்றில் வித்தை காட்டப் போடவில்லை. கல்லுக்கும் முள்ளுக்கும் போட்டேன். இவ்வளவுதான் விஷயம்.

எங்கள் சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, தார் ரோடு 2 கிலோமீட்டர். முழுக்க இட்டேரி, வேலிகளுக்கு நடுவில் போகிற மண் தடம். முதல் பாதியில் செம்மண்ணுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிற வெங்கச்சங்கல், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலி வெட்டின முள்ளெல்லாம் தடத்தின் மேலேயே. அடுத்த பாதி பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் ஓரம், கரிசல். சாதா ரோட்டு டயரோடு இதில் ஓட்டியதில் ஒரே வருஷத்தில் மூன்று டயர் பக்கவாட்டில் கிழிந்தது. நடுவில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் கிழிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்புறம்தான் அதே 215/65, 16 இஞ்சு அளவில், பக்கச் சுவர் தடித்ததாகப் பார்த்து ஏடி டயர் நாலும் மாற்றினேன். இன்றைக்கு 34,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. பக்கவாட்டில் ஒன்றுகூடக் கிழியவில்லை. பஞ்சர் ஒரே ஒரு தடவை. அதுவும் முள் இல்லை, திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஏறின ஆணி!

இதை யாராவது படம் எடுத்துப் போட்டீர்களா?

சரி, ஏன் சிக்கியது என்று கேட்பீர்கள். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்திருந்தது, வாய்க்காலிலும் தண்ணீர். கரிசல் ஊறினால் என்ன ஆகும் என்று காட்டில் கால் வைத்தவனுக்குத் தெரியும், செருப்பே கிலோக் கணக்கில் கனக்கும். ஏடி டயரின் பள்ளங்களில் அந்தக் களி அடைத்துக்கொண்டால் அப்புறம் அது வழுக்கை டயர்தான். அதற்கென்று இன்னும் அகலமான இடைவெளி விட்ட மட் டயர் தனியாக இருக்கிறது. போதாததற்கு என் வண்டி முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற டஸ்டரும் வந்தது, என்னுடையது அது இல்லை. டயர் மாற்றினால் பின்சக்கரத்துக்கும் இழுவை வந்துவிடும் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. டயரில் 33 இருந்த காற்றை 22க்கு இறக்கியிருந்தால் ஒருவேளை தாண்டியிருப்பேன். இறக்காதது என் சோம்பேறித்தனம். இதை வேண்டுமானால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

"மைலேஜ் குறையுமே" என்று ஒருவர். குறைந்தது. 17 கொடுத்தது 15 கொடுக்கிறது. டீசலுக்கு நீங்களா காசு தருகிறீர்கள்? கிழிந்த மூன்று டயரின் விலையை இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். "80க்கு மேலே போனால் சத்தம்" என்று இன்னொருவர். ஆமாம், ஊம்ம் என்று ஒரு இரைச்சல். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டு சிக்னலில் நிற்கிறவருக்கு என் வண்டி 80இல் போனால் வருகிற சத்தம் எப்படிக் கேட்டது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஈரத் தார் ரோட்டில் பிரேக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கும் என்று சொன்னதும் உண்மைதான், மழையில் மெதுவாகப் போகிறேன், விடுங்கள்.

"பேசாமல் ஜீப் வாங்கியிருக்கலாமே." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த உயரத்துக்கு ஐயனால், என் அப்பாவால், கால் தூக்கி வைத்து ஏற முடியாது. வாரத்தில் இரண்டு நாள், காலை 5 மணிக்கு, அவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து உடுமலைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். மூன்றாவது டயர் கிழிந்தது அப்படி ஒரு விடியற்காலையில்தான். போனை வாயில் கடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் ஜாக்கி போட்டேன். ஜாக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. அடியில் வைக்கப் பலகை தேடி, ஸ்டெப்னி மாட்டி, போய்ச் சேரும்போது அவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் 2 மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுசன். நான் டயர் கடைக்குப் போனது அதற்கு மறுநாள்.

இந்த டயரைப் பற்றி என் மனசை உறுத்துகிற ஒரே குறையும் அவர் சொன்னதுதான்: "முன்னாட்டம் இல்லியே கண்ணு, வண்டி வெறப்பாப் போவுது." கல்லில் ஏறி இறங்கும்போது அவருக்கு உடம்பு அலுங்குகிறது. காற்றை 30க்குக் குறைத்துப் பார்த்தேன், பரவாயில்லை என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

இன்னொன்று. அந்த வாய்க்கால் ஓரத்துக்கு நாலு லோடு கிராவல் மண் கொட்டினால் டயரும் வேண்டாம் டிராக்டரும் வேண்டாம். நானே காசு போடுகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன். "தடத்தை மேடாக்கினா மழைத்தண்ணி எங்க காட்டுக்குள்ள எறங்கும்" என்று மறித்து நிற்பது யார்? படம் போட்டவனுடைய அப்பா, என் பெரியப்பா. பெரியவர், அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோயமுத்தூரில் அபார்ட்மென்ட் வாசல் வரை தார் ரோடு வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இளநீர் குடிக்க வருகிறவன், அந்தச் சேற்றில் தினமும் போய் வருகிறவனைப் பார்த்து வட்டம் போட்டுச் சிரிக்கிறான். டிராக்டரில் கயிறு மாட்டும்போது ஒரு கை பிடிக்க இறங்கினானா? ஷூவில் சேறு பட்டுவிடுமே. வரப்பு மேலேயே நின்று படம் எடுத்தான்.

பங்காளி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். பொங்கலுக்கு வரும்போது உன் காரைப் போன வருஷம் மாதிரியே தார் ரோட்டில் நிறுத்திவிட்டு போன் பண்ணு. நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன். பின்சீட்டில் துண்டு விரித்து வைக்கிறேன், சேறு ஒட்டாது.