விலையைச் சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்?

பேஸ்புக்கில் பனங்காய்ப் பணியாரம் விற்கிறார்கள், ஒடியல் மா விற்கிறார்கள், சேலை விற்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் கீழே விலை என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், 'இன்பொக்ஸ் வாங்கோ'. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மா கிலோ என்ன விலை என்று ஊருக்கே கேட்கக் கூவிச் சொல்கிறா, இவர்களுக்கு மட்டும் அப்படி என்ன ரகசியமோ. சரி என்று இன்பொக்ஸுக்குப் போனால் முதலில் 'ஹாய் அக்கா', பிறகு 'எந்த இடம்', பிறகு வட்ஸ்அப் நம்பர். விலை மட்டும் வராது. நம்பரைக் கொடுத்தால் முடிந்தது கதை, கேட்காமலே குறூப்பில் சேர்த்துவிடுவார்கள், அங்கே விடியக்காலை 5 மணிக்கே பிள்ளையார் படத்தோடு காலை வணக்கம், அதற்கடியில் கடை விளம்பரம்.

விளம்பரப் படத்தில் எங்கள் பெயரையும் இணைத்து டாக் பண்ணுவது இதைவிடக் கொடுமை. ஒரு படத்தில் 50 பேரை டாக் பண்ண பேஸ்புக் விடுகிறது, அதற்காக 50 பேரையும் இழுக்கத்தான் வேண்டுமா? கனடாவில் இருக்கிற மாமி போன் எடுத்து, "பிள்ளை, நீ சேலைக் கடை தொடங்கிட்டியோ, சொல்லவே இல்லை" என்று கோவிக்கிறா. நல்லூர்த் திருவிழா 25 நாளும் இன்னும் மோசம், தேர்ப் படம் போட்டால் அதற்குக் கீழேயும் 'ஓடர்களுக்கு அழையுங்கள்' என்று ஒரு கொமென்ட், அதிலும் விலை இல்லை.