கடன் வாங்குறதுக்கு முன்னாடி நாலு பேருக்குத் தெரியட்டும்

சம்பளத்தைக் கேக்கக்கூடாது, கடன் இருக்கறது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, பணத்தைப் பத்தி பிள்ளைங்க முன்னாடி பேசக்கூடாது. இப்படி சொல்லிச் சொல்லித்தான் நம்மள்ல பாதி பேரை வளத்திருக்காங்க. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. இன்னைக்கு வீட்டுக்கு வீடு ஓடுற இஎம்ஐ, ஆப் லோன், கிரெடிட் கார்டு மினிமம் டியூ எல்லாத்துக்கும் இந்த மூடி மறைக்கிற பழக்கம்தான் பெரிய காரணம்னு நான் நெனைக்கிறேன். ராத்திரி படுத்த இடத்துல இருந்தே ஆதார் நம்பர், பான் நம்பர், ஒரு செல்ஃபி, ஒரு ஓடிபி, முடிஞ்சுது, காசு அக்கவுண்ட்ல ஏறிடுது. "எதுக்குப்பா இந்தப் பணம்?"னு கேக்க ஒரு ஆள் கிடையாது.

அந்தக் கேள்வி கேக்கற இடம் ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும். எங்க அம்மா இருக்கற மகளிர் சுய உதவிக் குழு. மாசாமாசம் யாராவது ஒருத்தங்க வீட்டுத் திண்ணைல பாய் விரிச்சு உக்காருவாங்க, நடுவுல தீர்மான நோட்டு, சந்தா நோட்டு, கடன் லெட்ஜர். குழுவை நடத்தற ஊக்குநர் அக்கா போன கூட்டத் தீர்மானத்தை சத்தமா வாசிப்பாங்க, யார் எவ்வளவு கட்டினாங்க, யார் கட்டல எல்லாமே எல்லார் காதுலயும் விழும். அப்புறம்தான் "யாருக்கு கடன் வேணும்?". ஒரு தடவை ஒரு அத்தை தன்னோட மக காதுகுத்துக்கு 20,000 கேட்டாங்க. உடனே நாலு பக்கமும் கேள்வி. எத்தனை பேரை அழைக்கிற, மண்டபமா வீடா, சமையலுக்கு யாரு, தோடு வாங்கியாச்சா. அரை மணி நேரம் பேசி கடைசில 10,000 போதும்னு முடிவாச்சு, சமையலுக்கு ஆள் வெக்காத நாங்க வர்றோம்னு சொன்னாங்க, சொன்னபடியே விடியகாலைல ஏழெட்டு பேர் போய் வெங்காயம் உரிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. 10,000 ரூபா கடன் கொறைஞ்சுது, விசேஷமும் நல்லா நடந்துச்சு. எந்த பேங்க் மேனேஜரும் இந்த வேலையைச் செய்ய மாட்டார்.

குழுக் கடனுக்கு வட்டி மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா. வருஷத்துக்கு 24 சதவீதம், கேக்க அதிகமாத்தான் இருக்கும். ஆனா அந்த வட்டி வெளிய எங்கயும் போகல, அதே குழுவோட நிதில சேருது, அடுத்தவங்களுக்குக் கடனாப் போகுது. 15 பேர் மாசம் 200 போட்டா வருஷத்துக்கு 36,000. அந்தக் காசுல இருந்துதான் ஆஸ்பத்திரி செலவும் ஸ்கூல் பீஸும் போயிருக்கு. தமிழ்நாட்டுல இது 1989ல தர்மபுரில ஐஃபேட்ங்கற ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதி அமைப்போட உதவியோட ஆரம்பிச்சது, 1992ல விவசாய, கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி நபார்டு இந்தக் குழுக்களை பேங்கோட இணைக்கற திட்டத்தைக் கொண்டு வந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு, நாமதான் இதை "பொம்பளைங்க கூட்டம்"னு ஒதுக்கி வெச்சுட்டோம். படிச்சு ஐடில வேலை பாக்கற எத்தனை பேருக்கு தன் கடனைப் பத்தி இப்படி அரை மணி நேரம் உக்காந்து பேச ஆள் இருக்கு சொல்லுங்க.

இதே "குழு"ங்கற பேர்லதான் மைக்ரோ பைனான்ஸ்காரங்களும் வர்றாங்க, ரெண்டையும் தயவுசெஞ்சு ஒண்ணா நெனைக்காதீங்க. அங்கயும் பத்து பேர் சேந்து உக்காருறாங்க, ஆனா காசு அவங்களோடது இல்ல, எதுக்குன்னு உண்மையா யாரும் கேக்கறதில்ல, ஒருத்தர் கட்டலன்னா மத்தவங்க தலைல விழுது, அதனால நேத்து வரைக்கும் தோழியா இருந்தவங்களே ராத்திரி வரைக்கும் கட்டாதவங்க வீட்டு வாசல்ல உக்காந்து கட்டு கட்டுன்னு நிக்கற நெலமை. ஒரு குடும்பத்தோட எல்லாக் கடன் தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிடுச்சு, கட்டாய வசூலுக்கு எதிரா 2025ல தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட்டாச்சு. இது உங்க வீட்டுப் பக்கம் லோன் வாங்கற அக்காக்களுக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க, தெரியலன்னா சொல்லிக் குடுங்க.

லோன் ஆப்ல இன்னும் மோசம். அங்கயும் உங்க சொந்தக்காரங்க வருவாங்க, ஆனா எப்ப வருவாங்க? நீங்க தவணை தவறின பிறகு, கான்டாக்ட் லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு அசிங்கப்படுத்தும்போது. செயலிங்க கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடவே கூடாதுன்னு 2022லயே ரிசர்வ் பேங்க் விதி வந்துடுச்சு, அதை மதிக்காத திருட்டு ஆப்புங்க இன்னும் சுத்துது. குழுவுல நாலு பேருக்கு முன்கூட்டியே தெரியுது, ஆப்ல எல்லாம் முடிஞ்ச பிறகு தெரியுது. எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாமே.

நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு சொல்றவங்க புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் ஒரு மொய் விருந்துக்குப் போய்ட்டு வாங்க. வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் பந்தல் செலவு கொறையறதுக்காக பல பேர் ஒண்ணு சேந்து பத்திரிகை அடிச்சு, கறிசோறு போட்டு, வர்ற மொய்யை பேர் பேரா நோட்டுல எழுதி வாங்குவாங்க. அதை வெச்சு போர்வெல் போடுறாங்க, கடை வெக்கிறாங்க, பிள்ளையைப் படிக்க வெக்கிறாங்க. வட்டி கிடையாது, அவங்கவங்க முறை வரும்போது வாங்குனதோட கொஞ்சம் புது மொய்யும் சேத்துத் திருப்பிச் செய்யணும், அவ்வளவுதான். எனக்குப் பணம் தேவைன்னு பத்திரிகை அடிச்சே சொல்றாங்க, யாருக்கும் மானம் போகல. குறையும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்ச்சப்போ ஊர் மொத்தத்துக்கும் ஒரே நேரத்துல அடி, அப்ப செய்ய வேண்டிய மொய்யே பெரிய பாரமாயிடுச்சு. ஒரே ஊரு ஒரே பயிரை நம்பியிருந்தா இப்படித்தான், அதுக்காக மொய்யே தப்புன்னு ஆகிடாது.

எங்க தெருவுல இப்ப பன்னெண்டு குடும்பம் சேந்து அம்மாவோட குழு மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கறதா இருக்கோம், ஆம்பளைங்களும் உண்டு. ஏலச்சீட்டு வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம், ஏன்னா சீட்டுன்னா 1982 சட்டப்படி பதிவு பண்ணணும், அவசரத்துல இருக்கறவன் ஏலத்துல நெறைய தள்ளுபடி விட்டுக் குடுத்து சீட்டை எடுத்து நஷ்டப்படுறான், எங்களுக்கு அது புடிக்கல. மாசம் 500, ரெண்டு பேர் பேர்ல பேங்க் அக்கவுண்ட், கணக்கு நோட்டை கூட்டத்துல வாசிக்கணும், வாட்ஸ்ஆப்ல கடன் கேக்கக்கூடாது, நேர்ல வந்துதான் கேக்கணும். பிள்ளைங்களும் கூட உக்காரலாம்னு நான்தான் பிடிவாதமாச் சொன்னேன். அடகு வெச்ச நகையை மீட்க குழுக் காசு குடுக்கலாமா வேணாமான்னு மட்டும் இன்னும் பேச்சு ஓடிட்டு இருக்கு. ஒரு அண்ணன் வேணாம், அது பழைய கடன்ங்கறார். நான் குடுக்கணும்ங்கறேன், நகை ஏலத்துக்குப் போயிட்டா அந்த வீட்டுல அடுத்த அவசரத்துக்கு வெக்க ஒண்ணுமே இருக்காது, நேரா ஆப்புலதான் போய் நிப்பாங்க. அடுத்த கூட்டத்துல திரும்பவும் இதைத்தான் எடுக்கப் போறேன்.