ஆரல்வாய்மொழி தாண்டினால் தெரியும் வண்டியின் லட்சணம்

போன சனிக்கிழமை ராத்திரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை உருவப் போனேன். விரல் மடங்கவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி இருந்தன. அம்மா கொடுத்த கட்டன்சாயா தம்ளரிலேயே ஆடி, பாதி சட்டையில் போயிற்று. "என்னத்துக்கு மக்கா கை இப்பிடி வெறைக்கு?" என்றாள். இரண்டே முக்கால் லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிம்மா, அதனால்தான் வெறைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலை மதுரையில், வீடு தக்கலையில். சனிக்கிழமைதோறும் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருகிறேன், திங்கள் விடியற்காலை திரும்பிப் போகிறேன். நெடுந்தூரம் போவதற்கென்றே 400 சிசி பைக் எடுத்தேன். ஒற்றை சிலிண்டர். கம்பெனி பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் அந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் என் மேல் பாய்வார்கள். நானே ஆறு மாதம் முன்னால் வரை அப்படிப் பாய்ந்தவன்தான்.

முதல் சர்வீஸில் சொன்னேன், 90-ஐத் தாண்டினால் ஹேண்டில் கூசுகிறது, கை மரத்துப்போகிறது என்று. சர்வீஸ் அட்வைசர் தம்பி சிரித்துக்கொண்டே, "பெரிய வண்டின்னா அப்படித்தான் சார், அது ஒரு ஃபீல்" என்றார். பல்வலியும் ஒரு ஃபீல்தான். அதற்கு யாரும் கடன் வாங்கி மாதத் தவணை கட்டுவதில்லை.

அடுத்த சர்வீஸில், "ரெண்டாயிரம் ஓடட்டும், செட் ஆயிடும்." ஓடியது. அப்புறம் ஐயாயிரம். இப்போது மீட்டரில் எட்டாயிரம் தாண்டியாயிற்று. மூன்றாவது தடவை போனபோது குற்றம் என் தலையிலேயே வந்து விழுந்தது: "நீங்க ஹேண்டில ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க சார்."

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறும். ஆனால் ஐயா, ஜூலை மாதம் முப்பந்தல் பக்கம் வந்து பார்த்திருக்கிறீர்களா? அங்கே அத்தனை காற்றாலைகளை அழகுக்கா நட்டுவைத்திருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் பீறிட்டு வந்து இருநூறு கிலோ வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஹேண்டிலைப் பூப்போலவா பிடிக்க முடியும்?

ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினாய் என்று கேட்பீர்கள். ஓட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன். டெஸ்ட் டிரைவ் என்று நாகர்கோவிலுக்குள்ளே ஒரு சுற்று விட்டார்கள். முன்னால் ஒரு கவர்மெண்ட் பஸ், பக்கத்தில் ஒரு ஆட்டோ, குறுக்கே ஸ்கூட்டரில் மீன் வாங்கிவிட்டு வரும் ஒரு அண்ணாச்சி. 40-ஐத் தாண்ட முடிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். வாங்கின பிறகும் அதே கதைதான். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று அந்தச் சாலையில் எவன் 90-ல் போகிறான்? மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் அரை நிமிஷம் காற்று வாங்கலாம், இறங்கினால் மறுபடி நெரிசல். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே ஓட்டினால் என் வண்டியில் ஒரு குறையும் கிடையாது. தங்கம். ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணற்றில் நான்குவழிச் சாலை ஏறி, 95-ஐப் பிடித்த பத்தாவது நிமிஷத்தில்தான் அதன் சுயரூபம் தெரியும்.

இதற்குக் காரணம் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஒற்றை சிலிண்டரில் ஒரே ஒரு பிஸ்டன். மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே. அது ஒவ்வொரு தடவை நின்று திரும்பும்போதும் என்ஜினை ஒரு உதை உதைக்கிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கில் எதிர் எடை வைத்துச் சமாளிப்பார்கள். ஆனால் முழு எடையும் வைத்தால் மேலும் கீழுமாக இருந்த உதை முன்னும் பின்னுமாக மாறிவிடும். அதனால் ஏறக்குறையப் பாதிக்கு மட்டும் வைத்துவிட்டு, மிச்சத்தை அடக்க எதிர்ப்பக்கமாகச் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்றைப் போடுவார்கள். என் வண்டியிலும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு தடவை அடிக்கும் சின்ன அதிர்வு ஒன்று உண்டு, அதை இந்த ஷாஃப்ட் தொடாது.

இதில் விஷயம் என்னவென்றால், பிஸ்டன் உதைக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். டாப் கியரில் 48-ல் போகும்போது என் வண்டி நிமிஷத்துக்கு 2400 சுற்று காட்டும், 96-ல் 4800. வேகம் இரண்டு மடங்கு, உதை நான்கு மடங்கு. நாகர்கோவில் டெஸ்ட் டிரைவில் எனக்குக் காட்டியது அந்தக் கால்வாசியைத்தான். 4800 என்றால் விநாடிக்கு 80 சுற்று. இரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டேன்: ஐந்து லட்சத்து எழுபத்தாறாயிரம். சும்மா தட்டினால்கூட அத்தனை தடவைக்குக் கை என்னத்துக்கு ஆகும்?

ஹேண்டில் குழாய்க்கும் ஒரு சுபாவம் இருக்கிறது. சுசீந்திரம் இசைத்தூண்கள் தெரியும்தானே, ஒவ்வொன்றைத் தட்டினாலும் அதற்கென்று ஒரு சுரம். ஹேண்டிலும் அப்படித்தான். என்ஜின் அந்தச் சுரத்தைத் தொட்டவுடன் குழாய் கூடவே பாட ஆரம்பித்துவிடும். என் வண்டிக்கு அது 92-லிருந்து 100-க்குள். நான்குவழிச் சாலையில் மனுஷன் நிம்மதியாகப் போகிற வேகம் எதுவோ, சரியாக அதே வேகம்! டிசைன் செய்தவர்கள் இந்தச் சாலையில் ஒருநாளாவது ஓட்டிப் பார்த்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா?

என் மாமாவிடம் பழைய புல்லட் இருந்தது, 346 சிசி, பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். "எங்க வண்டி ஆடாத ஆட்டமாடே?" என்பார். ஆடியதுதான், தொட்டில் மாதிரி. பெரிய ஆட்டம், மெதுவான ஆட்டம். அவர் 60-ஐத் தாண்டியதே இல்லை, திருநெல்வேலி போவதற்குள் மூன்று டீ. இது வேறு ஜாதி. மின்சாரக் கம்பியைத் தொட்ட மாதிரி ஒரு கூச்சம், முழங்கை வரை ஏறும்.

செலவழிக்காமலும் இல்லை. ஹேண்டில் நுனிக்குக் கனமான பார் எண்ட், கைப்பிடிக்கு ஃபோம் கிரிப், ஜெல் வைத்த கிளவுஸ். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். கொஞ்சம் குறைந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கால் வைக்கும் ஃபுட் பெக் இருக்கிறதே, வெறும் இரும்புப் பல். ஷூவின் அடிப்பாகத்தைக் கடித்துக்கொண்டு நடுங்குகிறது. குலசேகரத்துக்கும் கீரிப்பாறைக்கும் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பர் மரம். ஊரெல்லாம் பால் வெட்டி ஷீட் அடிக்கிற மாவட்டத்தில் வண்டியை விற்கிறவர்களுக்கு, ஃபுட் பெக்கில் ஒரு உள்ளங்கை ரப்பர் வைக்க மனசு வரவில்லை.

சீட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷோரூமில் அல்வா, சாத்தூரில் பலகை.

போன் கேமராவும் போயிற்று. வழி பார்க்க ஹேண்டிலில் மாட்டியிருந்தேன், இப்போது எந்தப் படம் எடுத்தாலும் கலங்கல். பெரிய பைக் என்ஜினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் வெளிப்படையாக எச்சரித்தது. போன் விற்கிறவனுக்குத் தன் லென்ஸ் மேல் இருக்கிற கரிசனம், வண்டி விற்கிறவனுக்கு என் விரல் மேல் இல்லை. பாறை துளைக்கும் மெஷினை வருஷக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு விரல் நரம்பும் ரத்தக்குழாயும் கெடுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். வாரம் ஒரு தடவை ஓட்டும் எனக்கு அந்த அளவுக்கு ஆகாதுதான். ஆனால் கோவில்பட்டியில் ஜனங்கள் கடலை மிட்டாய் வாங்க வண்டியை நிறுத்துகிறார்கள், நான் கையை உதற நிறுத்துகிறேன்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். முதல் கேள்வியே, "கண்ணாடியில பாத்தா பின்னால வாறவன் ரெண்டா தெரியானா?" ஆமாம் அண்ணே. குனிந்து, என்ஜினை வண்டிச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் மவுண்ட் போல்ட்டைத் தொட்டார். ஸ்பானர்கூட வைக்கவில்லை, விரலாலேயே திருகிக் காட்டினார். செயின் ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொளதொளப்பு. மூன்று சர்வீஸ் பில்லையும் எடுத்துப் பார்த்தேன். "போல்ட் டார்க் செக்", அதாவது போல்ட்டெல்லாம் சரியான அளவுக்கு முறுக்கியிருக்கிறதா என்று பார்த்தாயிற்று என்ற இடத்தில், மூன்றிலும் அழகாக டிக். எனக்கு வந்த வெப்ராளத்தில் பில்லைக் கிழிக்கப் போனேன், அண்ணன்தான் "பைய, பைய, அது நாளைக்கு வேணும்" என்று பிடுங்கி வைத்தார்.

டார்க் ரெஞ்ச் போட்டு எல்லாவற்றையும் முறுக்கிக் கொடுத்தார். 200 ரூபாய். திங்கள்கிழமை 85 வரை கண்ணாடி தெளிவாக இருந்தது, வள்ளியூர் தாண்டும் வரை சந்தோஷமாகக்கூட இருந்தது. 95-ல் மறுபடி அதே பாட்டு. அது போல்ட்டில் இல்லை, வண்டியின் பிறப்பில் இருக்கிறது.

நேற்று ஷோரூமுக்குப் போன் செய்தேன். சண்டை போடவில்லை. அடுத்த சர்வீஸுக்கு வரும்போது அந்த அட்வைசர் தம்பி என் வண்டியை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி வரை 95-ல் ஓட்ட வேண்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், பெட்ரோல் என் செலவு, கடலை மிட்டாயும் வாங்கித் தருகிறேன் என்றேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இதுவரை போன் வரவில்லை.