பேரணிக்கு வருகிறவர்கள் மருத்துவமனைக்கும் துணைக்கு வாருங்கள்

வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் வானவில் சுயமரியாதைப் பேரணி, ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் திருநர்களும் சேர்ந்து நடக்கும் ஊர்வலம். மூன்று வாரங்களாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. யார் எந்தப் புடவை கட்டுவது, பறை அடிக்க யார் வருகிறார்கள், மதுரையிலிருந்து வருகிறவர்களை எங்கே தங்க வைப்பது என்று இரவு ஒரு மணி வரை செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கும் அதே பரபரப்புதான். 2013-இல் முதன்முறை முகமூடி அணிந்து நடந்தேன். அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அந்தத் தளை அறுந்தது. அடுத்த ஆண்டு முகமூடி இல்லாமல் நடந்தேன். என் முகத்தில் வெயில் பட்டதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழும்பூரில் ராஜரத்தினம் மைதானத்தின் அருகே கூட்டம் திரண்டிருந்தது. ஜூன் மாதச் சென்னையின் பிற்பகல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். ஊர்வலம் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்கு முன்னால் கொடி பிடித்து நடந்துகொண்டிருந்த ஒரு தம்பி அப்படியே சரிந்தான். இருபத்திரண்டு வயதுத் திருநம்பி, பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவன். நிழலுக்குத் தூக்கிச் சென்று, கால்களை உயர்த்தி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் விழித்த பிறகு விசாரித்தால், முந்தைய நாள் இரவு ஊரில் பேருந்து ஏறும்போது அணிந்த பைண்டரை, மார்பைத் தட்டையாக்கும் இறுக்கமான உள்ளாடையை, அவன் கழற்றவே இல்லை. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் மார்பு இறுகியே இருந்திருக்கிறது. தண்ணீரும் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும் அண்ணா. எந்தப் பக்கம் போவது?" என்றான்.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போகலாம் என்றதும் என் கையை இறுகப் பற்றிக்கொண்டான். "வேண்டாம் அண்ணா. அங்கே கார்டில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்."

அவன் மயங்கி விழுந்ததைவிட அந்தச் சொற்கள்தான் என்னை அதிகம் உலுக்கின. ஆயிரம் பேர் நடுவில், போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கொடி பிடித்து நடக்கத் துணிந்த பிள்ளை, ஒரு வெளிநோயாளிச் சீட்டுக்குப் பயப்படுகிறான். நமக்கு ஊர்வலத்துக்குத் துணை வர நூறு பேர் இருக்கிறார்கள். மருத்துவமனை வரிசையில் கூட நிற்க ஒருவர்கூட இல்லை. அவனுடன் அன்று மூன்று பேர் போனோம். சீட்டு எழுதுகிறவரிடம் ஒருவர் முன்கூட்டியே பேசினார், பெயருக்குப் பதிலாக டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவ்வளவு எளிதான காரியம் அது. ஆனால் தனியாகப் போயிருந்தால் அவன் அதைக் கேட்டிருக்க மாட்டான்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிற நம் ஆட்களைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிடும். பொய்ப் பெயர் கொடுப்பார்கள், அதில் தவறில்லை. சிலர் தொலைபேசி எண்ணையும் தவறாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முடிவு என் கையில் இருக்கும், சொல்வதற்கு ஆள் இருக்காது. அப்படித் திரும்பி வராதவர்களின் தாள்கள் மேசையில் கிடக்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986-இல். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அவற்றை வைத்திருந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். என் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்தக் குளிர்பதனப் பெட்டியை நினைத்தால் மரியாதை வரும். அந்தக் காலத்தில் மருந்து என்று எதுவும் கையில் இல்லை. இன்று அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குத் தொடர்ந்து இறங்கியிருந்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. இது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. நம் நண்பர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். அங்கே பரிசோதனைக்குக் காசில்லை. எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. போக யோசிக்கிறவர்கள் முதலில் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குத் தொலைபேசி செய்து பேசுங்கள்.

பேரணி முடிந்த இரவைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசுகிறேன். வெளியூரிலிருந்து வருகிறோம், ஆண்டுக்கு ஒருமுறை நம்மைப் போன்றவர்களை இத்தனை பேராகப் பார்க்கிறோம், மனம் பூரித்திருக்கிறது. அந்த இரவில் காதலும் காமமும் நடக்கும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆணுறையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது கிழிந்துவிட்டாலோ, போடாமல் விட்டுவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் தொற்றைத் தடுக்கும் மருந்தை 28 நாட்கள் சாப்பிடலாம். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது இன்னும் நல்லது. திங்கட்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, புதன்கிழமையைத் தாண்டவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காமாலை பி-க்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது, அதைப் பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். சிபிலிஸ் பரிசோதனையையும் கூடவே கேட்டு வாங்குங்கள், நம்மில் பலர் அதை மறந்தேவிடுகிறோம்.

திருநம்பித் தம்பிகளுக்கு: பைண்டர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதோடு தூங்கவே வேண்டாம். சுளுக்குக்குக் கட்டுகிற பட்டைத்துணியை மார்பில் சுற்றாதீர்கள், மூச்சு விரியவிடாமல் விலா எலும்பை நெருக்கும். பேருந்தில் தளர்ந்த சட்டை போட்டு வந்து, இங்கே வந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் திருநங்கைகளில் சிலர் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுவார்கள். அந்த மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கும், ஆனால் பொட்டாசியத்தை உடலிலேயே தேக்கும். எனவே உங்களுக்குத் தண்ணீர் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும், ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குடிக்காதீர்கள். மோர் நல்லது. அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். என்னைக் கூப்பிடுங்கள், வாசலில் நிற்கிறேன்.

மருத்துவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சலுக்குப் போன இடத்தில் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று துருவியவரும் உண்டு, என்னை உட்கார வைத்து எதையும் தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டவரும் உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், நம்மை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து நம்மைப் பற்றிக் கற்றுக்கொண்டார். ஒரு நீதிபதியால் முடியும் என்றால் ஒரு மருத்துவராலும் முடியும். உங்களை யாராவது அப்படிப்பட்ட சிகிச்சைக்கு இழுத்தால், 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, திங்கட்கிழமை. பறைச் சத்தம் காதில் இருக்கும்போதே ஊருக்குத் திரும்பி, சாயத்தைக் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாத குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது வருகிற வெறுமை. எனக்குப் பல ஆண்டுகள் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண்ணில், தமிழில் பேசலாம். அதற்கும் முன்னால், உடன் நடந்தவர்களில் இருவருடைய எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு நம்பிக்கை மையத்துக்குப் போகிறேன், எனக்கும் ஆண்டுப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. அன்று விழுந்த தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறான். வர விரும்புகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் உள்பெட்டியில் எழுதுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டாம். உங்களை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.